மாறிக்கொண்டே இருந்த முகவரி

பழுதுபார்க்க வந்த ஒரு ரவுட்டரை இன்று காலை கடையில் திறந்தேன். உள்ளேயிருந்து விறகுப் புகை வாசனை வந்தது. மலையிலிருந்து வந்த பெட்டி என்று கேட்காமலே தெரிந்தது. உன் வீட்டுப் பெட்டியும் இப்படித்தான் மணக்கும். 

போளூரில் என்னோடு இதே மேசையில் வேலை பார்த்தவன் நீ. வலிப்பு வர ஆரம்பித்ததும் வேலையை விட்டு மலைக்கே திரும்பிப் போனாய். அப்பா அம்மா இல்லாத வீடு. சாமைக் கொல்லை, சில புளியமரங்கள், நீ. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த உன் அக்கா, தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதாள். நீ அசையவில்லை. கடைசியில், அவள் அங்கிருந்தே உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கி, கூடத்தில் கேமரா மாட்டினாய். கம்பெனியே படத்தைத் தன் சர்வரில் வைத்துக் காட்டும் ரெடிமேட் கேமரா வாங்கலாமே என்றேன். "நம்ப வூட்ட எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல கொண்டு போய் வெக்கணுமா?" என்றாய்.

சிக்கல் முகவரியில்தான். உன் இணைப்புக்கு இணையத்தில் நிலையான முகவரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் புது முகவரி வந்துவிடும். அக்கா பழையதிலேயே தேடிக்கொண்டிருப்பாள். முதல் முறை அப்படி ஆனபோது, உன் போனும் கிடைக்காமல், அழுதுகொண்டே என்னை அழைத்தாள். பைக்கில் வளைவெல்லாம் ஏறி வந்தால், நீ வாசலில் புளி தட்டிக்கொண்டிருக்கிறாய்.

"அட்ரஸ்தான்டா மாறிச்சி. நான் இங்கதான கீறேன்."

அன்றே உட்கார்ந்து வழி செய்தோம். வீட்டுக்கு இணையத்தில் ஒரு பெயர் வாங்கினோம். முகவரி மாறும்போதெல்லாம் புதியதை அந்தப் பெயரில் பதிந்துவிடும் சின்ன புரோகிராம் ஒன்றை சர்வரில் போட்டோம். இனி அக்காவுக்குப் பெயர் மட்டும் போதும். நீ அவள் பெயரையே வைத்தாய். மறுநாள் டீ நேரத்தில் திருப்பூரிலிருந்து உன்னைப் பார்த்துவிட்டு, சட்டை போடாமல் உட்கார்ந்திருப்பதற்காகப் போனில் திட்டினாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

பிறகு லைன் கொடுத்தவர்கள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் தள்ளினார்கள். பெயர் சரியான இடத்தைத்தான் காட்டியது. ஆனால் அங்கே வந்து நிற்பவருக்கு உன் கதவு எதுவென்று தெரியாது. வெளியே வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதன் வழியாகப் பார்க்க வைக்கலாம் என்றேன். புளி உலுக்கி முடியட்டும் என்றாய். அதற்குள் அக்காவுக்குக் கறுத்த திரை பழகிவிட்டது. லைன்தான் கோளாறு, தம்பி நன்றாகத்தான் இருப்பான் என்று நம்பக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் மதியம், காலையிலிருந்து நீ போன் எடுக்கவில்லை என்று அவள் சொன்னதும் கிளம்பிவிட்டேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒருக்களித்துக் கிடந்தாய். உடம்பு சில்லிட்டிருந்தது. அலமாரியில் சர்வரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது நிற்கவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்து, பதிந்து வைத்திருந்தது. வெளியே சொல்லத்தான் வழியில்லை.

காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள் அக்கா. அழிப்பதற்கு முன் பார்த்தேன்.

இப்போது உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. அக்கா மலைப் பக்கமே வருவதில்லை. எப்போதாவது போன் செய்வாள். பிள்ளைகள், மழை என்று பேசிவிட்டு, வைப்பதற்கு முன் அதையே கேட்பாள்.

"ரொம்ப நேரம் கெடந்தானாப்பா?"

"இல்லக்கா. வுழுந்ததும் போய்ட்டான்."

அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

நீ உடனே போகவில்லை. அக்காவுக்குத் திரை கறுத்துத்தான் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கேமராவையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். அக்காவைக் கூப்பிடுவதுபோல் ஒரு கையைத் தூக்கினாய், அது விழுந்தது, மறுபடியும் தூக்கினாய். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். யாரிடமும் அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை.