ஏழாம் படத்தில் ஒரு சொற்பிழை

வெள்ளி 14
காலையில் இருந்து தூறல். இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இந்த மந்திரக்கதைத் தொடரின் கடைசிப் படம் பற்றி முகநூல் குழுவில் ஆளுக்கு ஆள் உருகி எழுதுகிறார்கள். ஏழு படத்தையும் தியேட்டரில் பார்த்தவன் நான். எழுதத்தான் போகிறேன்.

நேற்றுப் பகல் காட்சி, கண்டி. தமிழ்க் குரல் போட்ட பிரதி. குண்டசாலையில் இருந்து பஸ், நின்றபடி. தனியாகப் பார்த்த முதல் படம். மற்ற ஆறும் ம.வுடன். (மகள் என்று எழுத இன்னும் கை வரவில்லை.)

குறைகள்:
– யுத்தம் முழுக்க இருட்டு. யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை.
– ஆறாவதில் செத்த மந்திரவாதி ஒரு விளக்கமும் இல்லாமல் எழும்பி வருகிறான்.
– பறக்கும் ஆமைக்கு மூன்று நிமிடம். ஆறு படமாகக் காத்திருந்தோம்.
நல்லது: கடல். காவல்காரக் கிழவனின் முகம்.

பின் வரிசையில் ஒரு குரல்: "மச்சான், ஆமை வந்துட்டுப் போயிட்டுதா? நான் பொப்கோர்ன் வாங்கப் போன நேரம்!"

சனி 15
மழை விட்டது. தண்ணீர்த் தாங்கி கழுவ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. நானே கழுவினேன். முதுகு வலி.

முக்கியமான குறையை நேற்று எழுதவில்லை. கடைசிக் காட்சி. இளவரசியை முதல் படத்தில் இருந்து முதுகில் சுமந்த கிழட்டுக் காவல்காரன் கரையில் நிற்கிறான். அவள் கப்பலில் ஏறித் திரும்பி, "நான் போறேன்" என்கிறாள்.

போறேன்! வசனம் எழுதியவன் தமிழ் வீட்டில்தான் வளர்ந்தானா? வாசல் படலையைத் தாண்டும் எந்தப் பிள்ளையும், திரும்பி வருவேன் என்று தெரிய, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லும். கடைக்குப் போனாலும் சரி, கனடாவுக்குப் போனாலும் சரி.

ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வாசலில், கையில் சூட்கேஸ். கலஹாவில் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டத்துப் பையனைத்தான் கட்டுவேன் என்றாள். நான் சொன்னவை இங்கே வேண்டாம். "நான் போறன், அப்பா." கதவைச் சாத்தியது நான்.

ஞாயிறு 16
நித்திரை சரியில்லை. அந்தப் பையன் ஒரே ஒருமுறை இங்கே வந்தான். என்னை 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டதும் குற்றம், 'மாமா' என்றதும் குற்றம். "ஒருக்கா எங்க வீட்டுக்கு வாங்க மாமா" என்றான். நான் பேப்பர் வாசித்தேன். அதே பக்கத்தை, அவன் எழும்பும் வரை. பிழை முழுக்க என்னுடையது என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திங்கள் 17
மறுபடி தூறல். மனைவி சாந்தி குசினியில் போனும் கையுமாக.

"இஞ்சருங்கோ, பிள்ளையும் படம் பாத்தவளாம்."
"நான் அவளோட கதைக்கிறேல்லை."
"உங்களை ஆர் கதைக்கச் சொன்னது? ஆமையைப் பற்றிக் கேக்கிறாள்."
"மூண்டு நிமிசம். அநியாயம் எண்டு சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்டேன். சாந்தி போனைக் கையால் பொத்தினாள்.

"கடைசியில 'போறேன்' எண்டது பிழையாம். அப்பாவிட்டச் சொல்லுங்கோ எண்டிறாள்."

தாங்கியைப் பார்க்க வெளியே போனேன். சனிக்கிழமை கழுவிய தாங்கி.

செவ்வாய் 18
வெயில். விமர்சனம் முடிந்தது. இருட்டு, மந்திரவாதி, ஆமை எல்லாம் உண்டு. கடைசிப் பந்தியை மட்டும் கிழித்துத் திரும்ப எழுதினேன்:

"அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னது பிழைதான். ஆனால் கரையில் நின்ற கிழவன் 'போட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் வாய் இருந்தது."

ம.வும் அந்தக் குழுவில் இருக்கிறாள். ம. இல்லை, மகள்.

அவள் பெயரைப் போட மாட்டேன். இப்படியே குழுவில் போடுகிறேன்.