மைனா போன வருடத்துக் கிறிஸ்துமஸ்

அக்டோபர் 14, செவ்வாய்

காலைப் பாடம் பாதியில் நின்றுபோனது. சாப்பாட்டு மேசைதான் எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம். ஒரு முனையில் பெரியவள் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் சின்னவன் உலகப்படத்து ஆறுகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தான். மேசைக்கும் கொஞ்சம் தீட்டியிருந்தான். மைனா என் மடியில். எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். 'பழம்' என்று காட்டினால் 'பயம்' என்கிறாள். "நாக்கை மடி கண்ணு" என்று என் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

குழந்தைகள் நல அலுவலகத்து அம்மா. "நல்ல செய்திங்க" என்று ஆரம்பித்தார். மைனாவைப் பெற்றவள் தேறிவிட்டாளாம். மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, ஒரு லாண்டரியில் இஸ்திரி போடும் வேலையும் கிடைத்துவிட்டதாம். டாக்டர்கள் சரி சொல்லிவிட்டார்கள். இனி பிள்ளையைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியதுதான்.

"சந்தோஷம்" என்றேன். போனை வைத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. "என்ன சந்தோஷம்மா?" என்று மைனா கேட்டாள்.

பாடத்தை அதோடு முடித்துக்கொண்டோம்.

அக்டோபர் 15, புதன்

நேற்று என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற கை, எப்போதும் கிரீஸ். கழுவிக்கொண்டே கேட்டார். "நாம கேட்டதுதானே" என்றார். பிறகு, கழுவிய கைக்கு மறுபடியும் சோப்பு போட்டார்.

நாம் கேட்டதுதான். நாலு வயதில் ஒரு துணிப்பையோடு வந்தாள். முதல் மாதம் பேச்சே இல்லை. அப்புறம் வாய் ஓயவே இல்லை. அவர்தான் மைனா என்று பெயர் வைத்தார். கொஞ்ச காலத்துக்குத்தான் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நாங்களும் தலையாட்டித்தான் வாங்கினோம். அன்றிலிருந்து இரண்டு வருடமாக, குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் மூன்று பேரும் தினமும் சொல்வார்கள்: "மைனாவோட ஆஸ்பத்திரி அம்மாவுக்கு சுகம் குடுங்க ஆண்டவரே." சொல்லிக்கொடுத்தது நான்.

நான் மனசாரத்தான் கேட்டேனா? இல்லை, எங்கே நடக்கப்போகிறது என்ற தைரியத்தில் கேட்டேனா?

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பெரியவளிடமும் சின்னவனிடமும் சொன்னோம். மைனா குளியலறையில் பொம்மைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சின்னவன் யோசித்துவிட்டு, "அவங்களும் இங்கயே வந்து இருக்கட்டும். என் கட்டில்ல மேல்தட்டு சும்மாதானே கெடக்கு" என்றான்.

ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, பெரியவள் முறை வந்தும் வாயைத் திறக்கவில்லை. "சொல்லும்மா" என்றார் அவர்.

"நான் இனிமே ஜெபம் பண்ண மாட்டேன்ப்பா. கேட்டா குடுத்துடறாரு."

பன்னிரண்டு வயசு. மீதி ஜெபத்தை அவரே சொல்லி முடித்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவள் வந்திருந்தாள், மைனாவைப் பெற்றவள். நான் ஏதேதோ உருவத்தை மனதில் வைத்திருந்தேன். வந்தது என்னைவிட ரொம்பச் சின்னப் பெண். மடிப்புக் கலையாத சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மைனா வரைந்த பேழை, திமிங்கிலம், ஐந்து கால் கழுதை.

மைனா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். "உன் அம்மா, கண்ணு" என்றேன்.

"நீங்கதானே அம்மா. இவங்க ஆஸ்பத்திரி அம்மா."

எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சிரித்தாள். "ஆமா, ஆஸ்பத்திரி அம்மாதான். ஆனா இப்போ அங்க இல்லையே. வேற பேருதான் யோசிக்கணும்."

கிளம்பும்போது என்னிடம் தனியாகக் கேட்டாள்: "லைட் போட்டுத் தூங்குவாளா, அணைச்சா?"

"அணைச்சு. கதவு மட்டும் திறந்திருக்கணும்."

உதட்டை அசைத்து, தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 10, திங்கள்

சனியும் ஞாயிறும் மைனா தன் அம்மா வீட்டில் தங்கிப் பழகட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். நேற்று சாயங்காலம் திரும்பி வந்தாள். மூக்கு ஒழுகுகிறது. தலை ஒரே சிக்கு. ஒரு காலில் ஒரு சாக்ஸ், மறுகாலில் வேறு. மத்தியானச் சாப்பாடே ரொட்டியும் ஜாமும்தானாம்.

காலையில் அலுவலகத்து அம்மா போன் செய்தார். "பிள்ளையைப் பாத்தீங்களே, ஏதாவது குறை தெரிஞ்சதா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எத்தனை சுலபம். மூக்கு, தலை, சாக்ஸ், ஜாம். எல்லாமே நிஜம். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னால் போதும், கிறிஸ்துமஸ் தாண்டித் தள்ளிப்போகும். ஐயோ, நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

மைனா மேசைக்கடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ரொட்டியில் ஜாமால் கண்ணு மூக்கு வரைந்தார்களாம் இரண்டு பேரும். அதைப் பற்றி அவளே கட்டிய பாட்டு.

"லேசா ஜலதோஷம்" என்றேன். "மத்தபடி சந்தோஷமா வந்திருக்கா."

எழுதிக்கொண்டார்.

நவம்பர் 13, வியாழன்

தேதி சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டு, வெள்ளி. அதற்கடுத்த ஞாயிறுதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்தில் முதல் மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். ஒரு மெழுகுவத்திக்குக்கூட அவள் இருக்க மாட்டாள்.

"அப்போ கிறிஸ்துமஸை முன்னாடி வெச்சுக்கலாம்" என்றார் அவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே. ஏதோ லிஃப்டை ஒரு மாடி கீழே இறக்குகிற மாதிரி. "அவங்களையும் கூப்பிடு."

"யாரை?"

"அவ அம்மாவைத்தான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஒரு நாளாவது எங்களுக்கு மட்டும் என்று இருக்கக்கூடாதா? துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போன் செய்தது நான்தான்.

"வரேங்க. ஆனா வீட்ல கிறிஸ்துமஸ்னா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் ஹாஸ்டல்லயே வளந்தவ" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

இலக்கணத்தை மூட்டை கட்டி வைத்தாயிற்று. களிமண்ணில் தொழுவம் செய்கிறோம். சின்னவன் செய்த ஒட்டகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. கேக்குக்கு மாவு அளக்கிற சாக்கில் பெரியவளுக்குப் பின்னம் புரிந்துவிட்டது. அவ்வப்போது சிரித்துவிடுகிறேன். சிரித்தவுடன் சுவர்க் காலண்டரைப் பார்க்கிறேன்.

நவம்பர் 22, சனி

தெருவில் எல்லோரும் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கிறிஸ்துமஸ். நான்கு மெழுகுவத்திகளையும் ஒரே நாளில் ஏற்றினோம்.

அவள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிள்ளைகள் நாடகத்துக்காகப் படுக்கை விரிப்புகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "இஸ்திரிப் பெட்டி இருக்குங்களா?" என்று கேட்டு, ஒவ்வொரு விரிப்பையும் வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். "உலகத்துலயே மடிப்புக் கலையாத மேய்ப்பர்கள் இவங்கதான்" என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். பெரியவளைத் தவிர.

மைனாதான் தேவதூதன். நாற்காலி மேல் ஏறி நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: பயப்படாதீங்க. நான் 'ழ'வைப் போட்டுப் படுத்திய பாட்டில், பிள்ளை இரண்டு கையையும் விரித்து, கணீரென்று, "பழப்படாதீங்க" என்றாள்.

சின்னவன் ஒட்டகத்தோடு சரிந்தான். எனக்குக் கண்ணில் நீர் வருகிற அளவு சிரிப்பு. எதிரே அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபமிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

மைனா இறங்கி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். யாரிடம் போவதென்று ஒரு தயக்கம். கடைசியில் கேக்கிடம் போய்விட்டாள்.

நவம்பர் 28, வெள்ளி

போயிட்டா.

கார்ல பெல்ட் மாட்டிவிட்டது நான்தான். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க"ன்னா. தள்ளி உக்காந்து இடம் வேற விட்டா. நான் ஏறல. கதவைச் சாத்தினது யாருன்னு ஞாபகம் இல்ல. நானா?

கண்ணாடியில கையை வெச்சு — வேண்டாம். முடியல.

நவம்பர் 30, ஞாயிறு

முதல் மெழுகுவத்தி. ஏற்றினோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

பாடம் நடக்கிறது. நான் வாசிக்கிறேன், இரண்டு பேரும் எழுதுகிறார்கள். யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. கொஞ்சம் அமைதி இருந்தால் எவ்வளவோ படித்துத் தள்ளலாம் என்று முன்பெல்லாம் அலுத்துக்கொள்வேன். இப்போது அமைதிதான்.

பெரியவள் திடீரென்று பென்சிலைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு போன்ல கேட்டாங்களே, குறை ஏதாவது உண்டான்னு. நான் கதவுகிட்டதான் நின்னுட்டிருந்தேன், எனக்கும் கேட்டுச்சு. நீங்க சொல்லியிருக்கலாம்."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"சாக்ஸைச் சொல்லியிருக்கலாம்."

"சாக்ஸை மாத்திப் போட்டா பிள்ளையைப் பிடுங்கிடலாமா? அப்படின்னா உன்னை எப்பவோ என்கிட்டேருந்து பிடுங்கியிருப்பாங்க."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். மேசையைச் சுற்றிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். என் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உங்களுக்கு அவ வேணாமா?" என்று கேட்டாள்.

வேணும்டி. வேணும்.

டிசம்பர் 25, வியாழன்

ஆலயத்துக்குப் போய் வந்தோம். "நாமதான் ஏற்கெனவே கொண்டாடிட்டோமே, இன்னிக்கு என்ன பண்றது?" என்று சின்னவன் கேட்டான். பாஸ்டர் நன்றாகப் பேசினார், தன் பிள்ளையை உலகத்துக்குக் கொடுத்த ஆண்டவரைப் பற்றி. எத்தனை வருடமாகக் கேட்கிற பிரசங்கம். இன்றைக்குத்தான் எழுந்து வெளியே போய் நிற்கத் தோன்றியது.

மத்தியானம் போன் அடித்தது. ஓடினேன். எங்கேயோ ஒரு கட்டடத்தில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம். அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பண்டிகை நாளில் வேலைக்குக் கூப்பிட்டார்களே என்று ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அவருக்கும் வீட்டில் உட்கார முடியவில்லை.

ஜனவரி 17, சனி

சாயங்காலம் இருட்டுகிற நேரம். மைனாவின் அம்மாவிடமிருந்து போன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட காட்டிட்டேன், மருந்தும் குடுத்துட்டேன். ஆனா தூங்க மாட்டேங்கறா. நீங்க பாடற பாட்டுதான் வேணுமாம். நான் என்ன பாடினாலும் இது இல்ல, இது இல்லன்னு அழறா."

பின்னால் மைனாவின் குரல். இத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன், அதுவும் அழுகையாக.

"ஸ்பீக்கர்ல போடுங்க."

சமையலறையில் நின்று பாடினேன். ஆடுகளை ஒவ்வொன்றாகத் தொழுவத்துக்குள் அனுப்புகிற ஒரு சின்னத் தாலாட்டு; தூங்கவைக்க நானே இட்டுக்கட்டியது. அழுகை விசும்பலானது. ஒரு வரி பிந்தி, அவள் அம்மாவும் கூடவே முணுமுணுத்தாள். "அந்த ரெண்டாவது அடி மட்டும் திரும்பச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். சொன்னேன். சொல்லச் சொல்ல, என்னிடம் மிச்சமிருந்த கடைசிச் சாமானையும் எடுத்துக் கொடுக்கிறேன் என்று தெரிந்தது. இதையும் கற்றுக்கொண்டுவிட்டால் இனி என்னை எதற்குக் கூப்பிடப்போகிறாள்?

பாதி அடியில் நிறுத்திவிட்டேன். அப்போது பின்னாலிருந்து பெரியவள் வந்தாள். போன் பக்கம் குனிந்து, நான் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடினாள். கடைசி ஆடு உள்ளே போகிறவரை.

"தூங்கிட்டா" என்றது அந்தப் பக்கம்.

ஜெபத்தில் பெரியவள் இன்றும் வாயைத் திறக்கவில்லை. எழுந்துபோகும்போது மட்டும், "காய்ச்சல் விட்டுச்சான்னு நாளைக்குக் கேளுங்கம்மா" என்றாள்.

மார்ச் 3, செவ்வாய்

வேறொரு குழந்தைக்கு இடம் வேண்டுமாம், அலுவலகத்து அம்மா கேட்டார். இப்போது முடியாது என்றேன். "புரியுதுங்க" என்றார். அவருக்கு நிஜமாகவே புரிந்த மாதிரிதான் இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். அம்மாவையும் பெண்ணையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். காலையிலிருந்து ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன்.

மைனா வளர்ந்துவிட்டாள். முன்பல் ஒன்று இல்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஓடி வருவாள் என்று வாசலில் குனிந்து கையை விரித்து நின்றேன். அவள் தன் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "ஹலோ ஆன்ட்டி" என்றாள்.

விரித்த கையை என்ன செய்வது. தலையைத் தடவினேன். அழுத்தமாக, அழகாகப் பின்னியிருந்தது.

சாப்பிடும்போது வாய் ஓயவில்லை. வரிசையில் நிற்பது, மணி அடிப்பது, டீச்சருக்குத் தும்மல் வந்தது. தண்ணீர் ஜாடி என் பக்கத்தில் இருந்தது. தண்ணீருக்கு அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். பிறகு அம்மாவை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். "இங்கதான் நான் தூங்குவேன். அது அவங்க ரூம்."

அவங்க.

நன்றாக இருக்கிறாள். இதற்குத்தான் கேட்டோம். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கிளம்பும்போது, "வரேன் ஆன்ட்டி" என்று கையை ஆட்டினாள். அவள் அம்மா குனிந்து அவளுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரைப் பாத்தாலும் ஆன்ட்டிதானா உனக்கு? பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களும் ஆன்ட்டி, இவங்களும் ஆன்ட்டியா?" முடிச்சை இறுக்கினாள். "இவங்க எனக்கு அக்கா. அப்போ உனக்கு என்ன வேணும்?"

மைனா விழித்தாள். முறை தெரியவில்லை. சின்னவன் காதில் ஓதினான்.

"பெரியம்மா" என்றாள், புது வார்த்தையை எழுத்துக்கூட்டுகிற மாதிரி. "போயிட்டு வரேன் பெரியம்மா."

"வா கண்ணு" என்றேன்.

இருவரும் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன். பெரியவள் வந்து பக்கத்தில் நின்றாள். அவர்கள் மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா அவங்க எனக்குச் சித்தி" என்றாள்.