சந்திரனில் ஒரு கால் குணமாகிறது

மே 4. காலை 7.00
வீக்கம் வடிந்துவிட்டது. கட்டைவிரல் ஆடுகிறது. இதைப் படிக்கப்போகிறவருக்கு வணக்கம். நான் முப்பிடாதி, பனிச்சுரங்கத்துச் சமையல்காரி. படிப்பு மூன்றாம் வகுப்பு. அரிசி டிரம் விழுந்து கணுக்கால் முறிந்தது. சுரங்கத்து ஆட்கள் தலைமை முகாமுக்குப் போய்விட்டார்கள். வண்டியின் குலுக்கல் எலும்புக்கு ஆகாது என்று என்னை மட்டும் வீட்டில் விட்டிருக்கிறார்கள். இருட்டுக்கு முன் வந்து கூட்டிப்போவார்கள். இங்கே இருட்டினால் இரண்டு வாரம் விடியாது. கேலி பண்ண ஆளில்லாமல் வாய் துருப்பிடிக்கிறது.

மே 6. மாலை 4.20
அடுப்பிலிருந்து கட்டில் வரை நடை, கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஹீட்டர் இரண்டு முறை நின்றது. தட்டியதும் ஓடியது. எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்து என்ன குழம்பு என்று கேட்டேன். அங்கே ஆளில்லை என்று தெரியும்.

மே 7. காலை 9.05
முகாமிலிருந்து டாக்டர் கதிர்வாணி ரேடியோவில் பேசினார்.
“வலி எப்படிக்கா இருக்கு?”
“ஒரு குத்தாட்டம் போட்டுக் காட்டட்டுமா டாக்டரம்மா?”
“காத்து, ஹீட்டர்லாம் ஒழுங்கா ஓடுதா?”
“எல்லாம் சௌரியமா இருக்கேன். நீங்க நேரத்துக்குச் சாப்புடுதீங்களா? குரலே மெலிஞ்சு கெடக்கு.”
தூரத்திலிருந்து விசாரிக்கிறவர்களிடம் குறை சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

மே 8. பகல் 1.40
மறுபடி டாக்டர்.
“வடக்குக் குழியில காவலுக்கு நின்ன எசேக்கியலுக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுதுக்கா. இருட்டுறதுக்குள்ள வண்டி ஒரு நடைதான் போக முடியும். நீங்க நல்லா இருக்கதால அவரை ஏத்துறோம். ரெண்டு வாரம் கழிச்சு விடிஞ்சதும் உங்களைக் கூட்டிப்போக வரோம்.”
ஹீட்டரைச் சொல்ல வாயெடுத்தேன்.
“அவனையே ஏத்துங்க. இல்லாட்டி அவன் பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்க யாரால முடியும்?”
டாக்டர் சிரித்தார். நெடுநாளாயிற்று ஒரு சிரிப்பைக் கேட்டு. தட்டினால் ஓடுகிற ஹீட்டர்தானே.

மே 10. மாலை 6.15
வெயில் போய்விட்டது. வெயில் தகட்டில் ஓடும் ரேடியோ ஊமையாகிவிட்டது. ஹீட்டர் நின்றது. தட்டினேன். கட்டுப் போட்ட காலாலேயே உதைத்தேன். கால் தாங்கியது. ஹீட்டர் ஓடவில்லை.

மே 11. கடிகாரம் உறைந்துவிட்டது
எல்லாப் போர்வையும் மேலே. அரிசிச் சாக்கும். அடுப்பும் பற்றவில்லை. கம்பியைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்து திரும்பினேன். முழுக் குணம். வலி இல்லை. பாதம் தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். விரலும் அப்படித்தான், பேனா நழுவுகிறது.
இதைக் கண்டெடுப்பவர் டாக்டரம்மாவிடம் சொல்லவும். அவர் மேல் தப்பில்லை. நான்தான் சரியாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஹீட்டர் ஓடலம்மா. ரொம்பக் குளிருது. தனியா இருக்கப் பயமா இரு