அவர் பெயருக்கு வரும் பொதி

மார்ச் 3, திங்கள்

மருந்து எழுதி வைக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்கிற சிஸ்டர் கொடுத்த நோட்டு இது. ஜனவரி வரைக்கும் இதில் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் இருக்கிறது. காலை மாத்திரை ஒன்று, கஞ்சி அரை டம்ளர், மூத்திரப் பை கொட்டினது இரண்டு தடவை. பாதி நோட்டு மிச்சம். எழுத அவர் இல்லை. என்னை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பி மூன்று நாள். இன்று பன்னிரண்டரைக்கு ரெஜீனாவின் ஆட்டோ வந்து நின்றது. கமிட்டிக்காரர்கள் இலவசமாகச் சமைத்து இலையில் கட்டித் தருகிற பொதிச்சோற்றை வீடு வீடாகக் கொண்டுவருகிறவள். வீடு திறந்திருப்பதை நேற்றே பார்த்திருப்பாள், கையில் இரண்டு பொதி. காரமில்லாமல் குழைத்தது அவருக்கு, அதற்குப் பச்சை ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். மற்றது எனக்கு.

"அம்மச்சி வந்தாச்சோ. அப்பச்சன் எப்படி? யாத்திரையில தளர்ந்து போச்சா?"

இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. "தூங்குதாவ" என்று வந்தது.

தாளை நீட்டினாள். வழக்கம்போல இரண்டு பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தார். அம்பாசமுத்திரத்தில், அவர் தம்பி வீட்டில். வாதம் வந்து பேச்சு போன பிறகும் ஊர்ப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார் என்றுதான் கொண்டுபோனோம். பதினாறு நாளும் தனி இலை போட்டு அவருக்குச் சோறு வைத்தோம். நேற்று அந்தப் பொதியைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்தேன். பதினாறு முடிந்த பிறகு வைக்கக் கூடாது. தெரியும். வைத்தேன். பிறகு நானே தின்றேன்.

கொழுந்தன் சங்கிலிப்பாண்டி, "இங்கனயே இருந்துக்கிடுங்க மதினி" என்றான். அவன் பெண்டாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் வந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எதற்கு இப்படிப் பயப்படுகிறேன் என்று எழுதிப் பார்க்கிறேன். படுத்த படுக்கையானவருக்கும் அவரைப் பார்க்கிற துணைக்கும் சோறு. அதுதான் அவர்கள் சட்டம். அவர் இல்லை என்றால் நான் யாருக்குத் துணை? அறுபது தாண்டினவர்களுக்குத் தனியாகவும் தருகிறார்கள். எனக்கு அறுபத்தாறு. ஆதாரில் ஐம்பத்தேழு. ஆதார் எடுத்த அன்றைக்குக் கேட்ட பையனிடம் அவர் வாய்க்கு வந்த வருஷத்தைச் சொன்னார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

முப்பது வருஷம் பஜார் ரோட்டு குடோனில் பூச்சி அரிக்காமலிருக்க இஞ்சிக்குச் சுண்ணாம்பு புரட்டின விரல். இப்போது மடங்குவதில்லை. பேனா பிடிக்கலாம், பானை இறக்க முடியாது. போன வருஷம் கஞ்சித்தண்ணீர் காலில் கொட்டியது.

சோறு நின்றால் அடுத்தது என்ன? ஆளில்லாதவர்களை வைக்கிற அநாதை மந்திரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கதவைப் பூட்டுவார்கள் என்று கேள்வி.

மார்ச் 8, சனி

ரெஜீனா வாசலோடு போகவில்லை. சோறு கொண்டுபோகிறவர்கள் ஆளைக் கண்ணால் பார்த்து டிக் போட வேண்டுமாம், புதுச் சட்டம். "ஒரு நோட்டம் பாத்துட்டுப் போறேன் அம்மச்சி."

"குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். துணியில்லாம கிடக்காவ. நாளைக்குப் பாரு."

போய்விட்டாள். கதவைச் சாத்தினேன். நாளைக்கு?

மார்ச் 9, ஞாயிறு

செய்துவிட்டேன். வாட்டர் பெட் என்று சிஸ்டர் கொடுத்த தண்ணீர் மெத்தைமேல் இரண்டு தலையணையை நீளத்துக்கு வைத்து, தலைமாட்டில் அவர் துண்டை உருட்டி வைத்து, நீலப் போர்வையால் மூடினேன். ஜன்னலைச் சாத்தினேன். ரெஜீனா வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள்.

"கள்ள உறக்கமா அப்பச்சா? மீன் இல்லைன்னு பிணக்கமா?"

தலையணையிடம் கேட்கிறாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்து டிக் போட்டாள்.

மார்ச் 10, திங்கள்

இருப்பது ஒரே அறை. கட்டிலைப் பார்க்காமல் எங்கே திரும்ப? தண்ணீர் மெத்தை தானாக அசைகிறது. போர்வையும் அதோடு அசைகிறது.

மார்ச் 12, புதன்

பாலியேட்டிவ் சிஸ்டர் போன் பண்ணினாள். இருபதாம் தேதி மூத்திரக் குழாய் மாற்ற வருவாளாம். சிஸ்டர் வாசலில் நிற்கிறவள் இல்லை. போர்வையை விலக்கி முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

எட்டு நாள்.

மார்ச் 14, வெள்ளி

இன்று ரெஜீனா முகம் சரியில்லை. கேட்டேன். பேலஸ் ரோட்டுப் பக்கம் ஜெயலக்ஷ்மி என்று ஒரு மாமியாம். பாலக்காட்டுப் பிராமணர்கள். ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கை. மகன் காலையில் வைட்டிலாவுக்கு வேலைக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவான். தலைமாட்டில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகிறான். மாமி பெயரை எழுதிக் கொடுத்து இரண்டு மாசம் ஆகிறது.

"அப்போ கொடுக்கறதுதானே?"

"இடம் இல்லை அம்மச்சி. நாப்பது பேருக்குத்தான் சோறு. ஒரு ஆள் போனாத்தான் அடுத்த ஆளுக்கு."

அவள் போன பிறகு பச்சை ரப்பர் பேண்ட் போட்ட பொதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது. ஒரு ஆள் போய்த்தான் இருக்கிறார்.

மார்ச் 15, சனி

தின்னவில்லை. அவருடையதும் என்னுடையதும் அப்படியே கெட்டுப்போனது. யாருக்கு என்ன லாபம்?

மார்ச் 17, திங்கள்

என்னென்னவோ தோன்றுகிறது. இருபதாம் தேதி பூட்டிவிட்டுத் தோப்பும்படிப் பக்கம் எங்காவது போய்விடலாம். திரும்ப ஊருக்குக் கொண்டுபோய்விட்டேன் என்று சொல்லலாம். யாரை, தலையணையையா? போலீஸ் வருமோ? செத்தவர் பேரில் சோறு வாங்கினால் ஜெயில் உண்டா? இதையெல்லாம் கேட்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமே. எனக்கு எல்லாத்துக்கும் அவுகதான். பஸ்ஸில் மலையாளப் போர்டு படிக்கவும் அவுகதான்.

மார்ச் 18, செவ்வாய்

ரெஜீனாவிடம் சொல்லிவிட்டேன். உள்ளே கூப்பிட்டுப் போர்வையைத் தூக்கிக் காட்டினேன். பிப்ரவரியிலேயே போய்விட்டார் என்றேன்.

தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. பயம். என் பயம் அப்படியே அவளுக்குப் போயிருந்தது.

"அம்மச்சி, இந்த மாசம் ஒன்பதாம் தேதியிலேருந்து நான் 'கண்டு'ன்னு டிக் போட்டதாணு. என்டெ ஜோலி போகும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு."

இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவளே ஒரு வழி சொன்னாள். இன்றைக்கு இறந்தார் என்று சொல்லுங்கள். இன்றைக்குக் காலையில். ஊர்க்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். முடிந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 19, புதன்

அவரை இன்னொரு தடவை சாகடிக்கணும். அவ்வளவுதான். அவுகளுக்கென்ன, ஏற்கெனவே போனவுக. ஆனால் பிப்ரவரி ஒன்பதாம் தேதி விடியக்காலம் அவர் கை என் கையில் இருந்தது. அது குளிர்ந்துபோனது எனக்குத் தெரியும். அதைப் பதினெட்டாம் தேதி என்று எப்படிச் சொல்ல?

ஊரில் வாங்கின இறப்புச் சர்டிபிகேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேலே வைத்திருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

சிஸ்டர் பத்து மணிக்கு வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. தேதியை மட்டும் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"பிப்ரவரியா அம்மச்சி?"

"ஆமா. அவுக பிப்ரவரியிலயே இறந்துட்டாவ. சோறு நின்னுரும்னு நான்தான் மறைச்சேன். சோறு கொண்டுவர்ற அந்தப் பிள்ள மேல தப்பில்ல. தலையணையை மூடி வச்சு அவளையும் ஏமாத்தினேன். அவ கண்டதைத்தான் எழுதினா."

போர்வையை நானே எடுத்துக் காட்டினேன்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். "எழுதாம இருக்க எனக்குப் பற்றில்ல, முடியாது அம்மச்சி" என்றாள். நாளை முதல் இரண்டு பொதியும் நிற்கும். ரெஜீனாவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போலீஸ் வருமா என்று கேட்டேன். "என்ன போலீஸ்" என்று சொல்லி என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். தைலம் ஒன்று கொடுத்தாள்.

வாட்டர் பெட் பாலியேட்டிவ்காரர்களுடையது. மூடியைத் திறந்து தண்ணீரை விட்டோம். முற்றம் முழுக்க ஓடியது. மெத்தை தட்டையாகி, சுருட்டினால் ஒரு கை அளவுதான் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

பன்னிரண்டரை. ஆட்டோ சத்தம் கேட்டது. நிற்காமல் போனது.

மார்ச் 25, செவ்வாய்

சின்னப் பாத்திரத்தில் ஒரு பிடி அரிசி. அதுவே தூக்க முடிகிற அளவு. பயம் போகவில்லை. முந்தி யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று. இப்போது யாரும் வரவே மாட்டார்களே என்று.

மார்ச் 28, வெள்ளி

ரெஜீனா எப்படி இருக்கிறாளோ. போன் பண்ணப் பயம்.

ஏப்ரல் 2, புதன்

ஆட்டோ வந்து நின்றது. ரெஜீனாதான். இறங்காமலே, "அம்மச்சி, கேறு" என்று சீட்டைத் தட்டினாள். வேலை போகவில்லை. ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்களாம். "வாசல்ல நின்னே பாத்தேன்னு சொன்னதுக்கு நல்ல திட்டு. தலையணைக்குக் குட் மார்னிங் சொன்னவள்னு இப்போ கிச்சன் முழுக்கக் களியாக்கிச் சிரிக்குது."

எங்கே போகிறோம் என்று கேட்டேன். ஜெயலக்ஷ்மி மாமிக்கு இடம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறதாம். பொதி போகிறது, அப்படியே திரும்பி வருகிறது. ஊட்ட ஆளில்லை. சிஸ்டர்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். சம்மதமா என்று முதலில் கேட்கச் சொன்னாளாம். "சம்மதமா?" என்று ரெஜீனா கியரைப் போட்ட பிறகு கேட்டாள்.

மாமி எலும்பாகக் கிடந்தார். அடியில் தண்ணீர் மெத்தை. பொதியை மோந்து பார்த்தார்.

"மீனோட சேர்ந்து வந்ததோ இது?"

"மீன் பின்னாடி சீட்டு மாமி. உங்களோடது என் மடியில" என்றேன்.

நான் சோற்றை இன்னும் குழைத்து, நாக்கின் நல்ல பக்கத்தில் வைத்தேன். விழுங்கும் வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வாய் போனது.

"உன் ஆத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருமில்ல மாமி."

"எனக்கும் பகல்ல யாருமில்லை. நீ சாப்பிடு."

துணைக்கு என்று ஒரு பொதி வந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து தின்றேன்.

ரெஜீனா தாளை நீட்டினாள். என் இடத்தில் போட்டேன். மாமி கையெழுத்துக்கான இடத்தையும் விரலால் காட்டினாள். "இதுலயும் அம்மச்சியே போட்டுக் கொடு. நேரமாச்சு, இன்னும் பதினாறு வீடு இருக்கு."

போட மாட்டேன் என்றேன். பேனாவை மாமியின் இடது கையில் வைத்து, தாளுக்கு அடியில் தட்டைப் பிடித்தேன். வெகுநேரம் ஆனது. ஒரு கோடு விழுந்தது, கோணலாக. ரெஜீனா கோட்டைப் பார்த்தாள். குனிந்து மாமி முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு டிக் போட்டாள்.