கடலுக்குள் விழுந்த புள்ளிகள்

இன்று மதியம் கரண்ட் போனதும் யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. "சேவ் பண்ணுடி, சேவ் பண்ணு!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து நீ கத்துவாய் என ஒரு கணம் காத்திருந்தேன். அந்த நாற்காலியில் இப்போது பிரிண்டர் தாள்களை அடுக்கி வைத்திருக்கிறோம்.

சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில்தான் மரக்காணத்தில், இந்த உதவி நிறுவனத்தின் சின்ன அறையில் உன்னை முதலில் பார்த்தேன். நான் உள்பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நீ மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அலை உன் வீட்டையும் கணவரையும் கொண்டுபோயிருந்தது. இருவரும் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்ததால், கரையோர வீடுகளை வரைபடத்தில் ஏற்றும் வேலை நமக்குக் கிடைத்தது.

இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மென்பொருள். என்னுடையது விலை கொடுத்து வாங்கியது. அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்; ஆனால் அச்சில் தமிழ் எழுத்து அழகாக விழும். உன்னுடையது இலவசம். சட்டென்று திறக்கும், எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது. தமிழை மட்டும் கட்டம் கட்டமாகக் காட்டும். எது உசத்தி என்று எத்தனை சண்டை! கடைசியில் நீதான் முடித்து வைத்தாய்: "வரையறது என்னுதுல, பிரிண்ட் எடுக்கறது உன்னுதுல. போதுமா?"

வண்ணங்களை நம்பாதே என்பதும் நீ சொன்னதுதான். "ஆபீஸ்ல ஜெராக்ஸ் போட்டா கடலும் உப்பளமும் ஒரே சாம்பலாயிடும்டி. கடலுக்குக் கோடு போடு, உப்பளத்துக்குப் புள்ளி வை." இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இடிந்த வீடுகளின் அடித்தளங்களில் நின்று ஜிபிஎஸ் கருவியில் நாம் எடுத்த புள்ளிகளை, தலைமை அலுவலகம் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்த பழைய வரைபடத்தின் மேல் நீ ஏற்றினாய். குப்பத்து வீடுகள் அத்தனையும் கடலுக்குள் விழுந்தன. உப்பளத் தொழிலாளர் தெரு உப்புப் பாத்திகளின் நடுவே கிடந்தது. புது வீடுகளுக்கான படம் மறுநாள் அதிகாரிகளிடம் போகவேண்டும். பாத்திக்குள் கிடக்கும் தெருவைத் தெரு என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அந்தத் தெருவிலிருந்து ஓர் அக்கா வந்து வாசலிலேயே நின்றிருந்தார். "எங்க தெரு படத்துல வந்துடுச்சாம்மா?"

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு புள்ளியில் உன் விரல் நின்றது. "இது எங்க வூடு" என்றாய். எழுந்து வெளியே போய்விட்டாய்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது உன் குரல் மாறியிருந்தது. "படத்த எதெது மேல குறி வச்சு உட்கார வச்சிருக்காங்க, பாரு." பார்த்தேன். பழைய படத்தை நிலத்தோடு பொருத்த வைத்த குறிகள் எல்லாம் ரோட்டு வளைவுகள். புது ரோடு போட்டபோது அந்த வளைவுகளே தள்ளிப் போயிருந்தன. "நகராத எடத்துலதாண்டி குறி வைக்கணும்" என்றாய். பிறகு மெதுவாக, "இந்தக் கரையில நகராதது எது?" என்று கேட்டாய்.

கால்வாய்ப் பாலம், கோயில் கோபுரம், மாதா கோயில் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் குறி வைத்தோம். அடியிலிருந்த படம் மொத்தமாக நகர்ந்தது; புள்ளிகள் மணலில் ஏறின. "எல்லாரும் கரையேறிட்டாங்கடி" என்று சொல்லிக்கொண்டே நீ அழுதாய். அந்த அக்காவிடம் போய், "வந்துடுச்சுக்கா, உங்க தெரு வந்துடுச்சு" என்று சொன்னதும் நீதான்.

அந்தத் தெருவுக்கு வீடு கிடைத்தது. உனக்கும் ஒன்று ஒதுக்கினார்கள். சுவர் எழும்பும்போதே உனக்குக் காய்ச்சல் வந்தது. அது மஞ்சள் காமாலையாக முற்றிவிட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண் திறந்து என்னைப் பார்த்ததும், "பேக்கப் எடுத்தியாடி?" என்றாய்.

"எடுத்துட்டேன்."

"ரெண்டு சிடியில?"

"ரெண்டுலயும்."

கண்ணை மூடிக்கொண்டாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

போன வாரம் புது வீடுகளுக்குப் புள்ளி எடுக்கப் போனேன். உன் வீட்டு வாசலில் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நம்பர் ஓடறது நிக்கட்டும், அப்பறம் எழுது" என்பாயே, அப்படியே காத்திருந்தேன். உன் மாமியார் வெளியே வந்தார்.

"யார் பேரு போடட்டும்மா?" என்று கேட்டேன்.

"அவ பேரயே போடும்மா. அவளுக்குன்னு வந்த வூடு. நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன்."

உன் பெயரை எழுதினேன். இப்போதெல்லாம் எந்த வாசலிலும் நான் அவசரப்படுவதில்லை. எண்கள் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, யார் இருந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் அடுத்த வாசலுக்குப் போகிறேன்.