நான் நீயாக இருந்த சனிக்கிழமைகள்

செகொண்டி
9 பிப்ரவரி 2004

என் எக்கோவுக்கு,

மூன்று வருடமாகக் கடிதம் போடாதவன் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஆனால் உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. அதை முதலில் கக்கிவிடுகிறேன். பத்து வருடமாக நான்தான் நீ.

சிரிக்காதே. நீ ஹாம்பர்க் போன மறு வருடம் டிக்ஸ்கோ ஊரில் ஒரு படகு முதலாளியின் சாவு. நம் பக்கம் சாவுச் சடங்கு சனிக்கிழமை, பாட்டோடுதானே. எக்கோ அமிஸாவின் பின்பாட்டுக்காரன் என்ற பெருமையோடு கிடாரைத் தூக்கிக்கொண்டு போய் உன் பாட்டைப் பாடினேன். மைக் பிடித்தவனுக்கு நல்ல போதை. "பாருங்கய்யா, எக்கோ அமிஸாவே வந்திருக்காரு!" என்று கத்திவிட்டான். விதவை ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்து, "இதக் கேக்க அவருக்குக் குடுத்து வெக்கலியே, ஐயா" என்று அழுதாள். அவளிடம் போய், "அம்மா, நான் வெறும் ஜோஜோ" என்று சொல்லவா? இன்னொரு பாட்டும் பாடினேன். அடுத்த சனிக்கிழமை வேறு ஊரில் சாவு. அங்கே கூப்பிட்டதே உன் பெயரைச் சொல்லித்தான். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் நான் ஜோஜோவாக இருந்ததில்லை. மற்ற ஆறு நாளும் ஜோஜோதான். ஆனால் அந்த ஆறு நாளும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

இத்தோடு போயிருந்தால் கல்லறை வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். போன வாரம் ஐரோப்பாவிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரி ஒருத்தி வந்தாள். எழுபத்து நாலில் தொடங்கி நீ பாடிய அறுபத்து மூன்று பாட்டையும் நாலு சிடியாக ஒரே பெட்டியில் போடப் போகிறார்களாம். சந்தையில் யாரோ என் வீட்டைக் கை காட்டியிருக்கிறார்கள். பழைய இசைத்தட்டு உறையை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மூக்கு வேற மாதிரி இருக்கே?"

"வயசானா மூக்கு வளரும்மா."

அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் கதை கேட்டாள். எந்தப் பாட்டின் நடுவில் காசு கொடுத்த எந்த லாரி முதலாளி பெயரைக் கூவினாய், எதில் அந்த ரொட்டிக்காரியின் பெயரைக் கூவி அவள் புருஷனிடம் உதை வாங்கினாய், எல்லாம் சொன்னேன். உதை வாங்கியது நான்தான் என்பது போலக் கன்னத்தையும் தடவிக்கொண்டேன். கடைசியில், "பின்பாட்டு யாரு?" என்றாள்.

"ஜோஜோன்னு ஒருத்தன். நல்லவன்."

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல" என்றேன், எக்கோ. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

பெட்டியின் கடைசியில் வைக்கப் புதுப் பாட்டு ஒன்று வேண்டுமாம். ஆகஸ்டில் செகொண்டியில் விழா. வந்து நீயே நீயாக நில். நான் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடுகிறேன். எனக்கு என் பெயர் திரும்ப வேண்டும்.

சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் உன்,
ஜோஜோ எஸ்ஸெல்

ஹாம்பர்க்
1 மார்ச் 2004

அடே திருடா,

நான் ரயில் பெட்டி கழுவும் கொட்டகையில் உன் கடிதத்தைப் படித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சத்தம்தான் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் அறுவை செய்தார்கள். இப்போது காற்று வருகிறது, குரல் வருவதில்லை. உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் உண்மையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நான் பேசாததை இங்கே இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

புதுப் பாட்டை நீ பாடு. வார்த்தைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே நான் எழுதிய பாட்டு இது ஒன்றுதான். நான் வரவில்லை. குரல் போன எக்கோவைப் பார்க்கச் சனம் கூடினால் அது விழா இல்லை, என் சாவு. பாடுகிற எக்கோ ஒருவன் ஊரில் இருக்கிறான். அவனே இருக்கட்டும்.

எக்கோ

செகொண்டி
20 ஏப்ரல் 2004

என் எக்கோவுக்கு,

உன் தொண்டைச் செய்தி வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு உன் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டேன். மறுநாள் கோபம் வந்தது. கோபத்தோடுதான் டக்கராடி ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன்.

பாட்டின் நடுவில் யார் பெயரையாவது கூவ வேண்டுமே. "யாரக் கூவப் போறீங்க, ஐயா? ஒரு எம்.பி. காசோட காத்துக்கிட்டிருக்காரு" என்று ஒலிப்பதிவுக்காரன் கேட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஜோஜோ எஸ்ஸெல், எங்கடா இருக்கே!" என்று கூவிவிட்டேன். கூவலுக்குப் பதில் குரல் கொடுக்கப் பின்பாட்டுக்கு ஆள் இல்லை. அதனால் பதிலும் இல்லை. அப்படியே வைத்துவிட்டார்கள்.

குரல் கிடக்கட்டும். ஊமையாக வா. முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன், சுவரைவிட என் மேல்தான் அதிகம். சோள மாவுக் கெங்கி விற்கிற எஃபுவா அக்காவிடம், "ஒரு விருந்தாளி வரான், தினம் ரெண்டு உருண்டை கூட எடுத்து வையி, பொரிச்ச மீனோட" என்று சொல்லியாகிவிட்டது. "ஒன் வீட்டுக்கு யாருடா வரப்போறா?" என்கிறாள். என் மனைவி மகளோடு அபிட்ஜான் போய் நாலு வருடமாகிறது. என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடியவன் நீ ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். அதற்குக் குரல்கூட வேண்டாம். தோளைத் தட்டினால் போதும்.

ஜோஜோ

ஹாம்பர்க்
2 ஆகஸ்ட் 2004

நண்பா,

பெட்டி வந்து சேர்ந்தது. அறுபத்து நாலு பாட்டையும் ஒரு வாரம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். ஒன்பது வருடத்தில் அவர் என்னை விசாரித்தது அதுதான் முதல் முறை.

கடைசிப் பாட்டில் எக்கோ நன்றாகப் பாடியிருக்கிறான். நடுவில் ஒரு பெயரைக் கூவுகிறான். ஒவ்வொரு முறையும், "இங்கதான் இருக்கேன்" என்று சொன்னேன். காற்றுதான் வந்தது.

வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வீடு மாறுகிறேன். புது முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு வீணாக வேண்டாம், நீயே முன்னறையில் படு.

உன் பின்பாட்டுக்காரன்,
ஜோஜோ

செகொண்டி
12 டிசம்பர் 2004

என் எக்கோவுக்கு,

நாலு மாதம் தபால்காரரை நச்சரித்துப் பார்த்தேன். இப்போது என்னைக் கண்டால் அவர் தெரு மாறிப் போகிறார். அதனால் பழைய முகவரிக்கே எழுதுகிறேன்.

விழா நன்றாக நடந்தது. சனம் வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடியது. பெட்டி பெட்டியாக உன் கையெழுத்தைப் போட்டேன், உன்னைவிட அழகாக. கடைசிப் பாட்டில் கூவல் வந்ததும், பதில் வர வேண்டிய இடத்தில் வாத்தியக்காரர்கள் நிறுத்தினார்கள். நான் வாசல் பக்கம் பார்த்தேன். பிறகு பாட்டை முடித்தேன்.

போன கடிதத்தில் நீ போட்ட கையெழுத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. திருப்பிக் கொடுத்துவிடு. நேரில் வந்து கொடு.

ஜோஜோ எஸ்ஸெல்

பின்குறிப்பு: நேற்று மனசு தாங்காமல் எஃபுவா அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கெங்கியின் இலையைப் பிரித்துக்கொண்டே, "தெரியுமே" என்றாள்.

"ஒனக்கா?"

"எல்லாருக்குந்தான். டிக்ஸ்கோக்காரங்களுக்கும் தெரியும். நாங்களா சொன்னாதான் ஒனக்குச் சங்கடம்னு விட்டுட்டோம். அந்தப் பேரும் சும்மாத்தானே கெடந்துது?"

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"போடா பைத்தியக்காரா. எக்கோ கிடார எடது கையாலதானே வாசிப்பான்."