காரணமாக எழுதிய பெயர்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

பால்டிமோரிலிருந்து வெர்னன். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போன மாதம் வேலை முடிந்து வரும்போது யாரோ ஒருவன் என்னைத் தள்ளிவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். சிராய்ப்புதான், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். வெளியே போகும்போது கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் போலீஸ் அலுவலகம் போனேன். காரணம் எதுவும் கேட்காத நம் மேற்கு வர்ஜீனியா மாதிரி இல்லை. இங்கே தகுந்த காரணம் காட்டினால்தான் தருவார்கள்.

"பயமா இருக்குன்னா பத்தாதுப்பா. யாராவது மிரட்டுனாங்களா? பேரச் சொல்லு" என்றார் அதிகாரி.

கிடங்கில் என்னோடு மூட்டை ஏற்றும் கார்னெல் ஒரு வாக்குவாதத்தில், "உன்னக் கவனிச்சுக்கிறேன்டா" என்றிருந்தான். மறுநாளே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். இருந்தும் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போலீஸார் எங்கள் கிடங்குக்கு வந்து விசாரித்தார்கள். முதலாளி அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார். அது வெறும் வாய்ப்பேச்சு என்று நான் பிறகு சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அந்த மிரட்டல் போதாது என்று எனக்கு அனுமதியும் கிடைக்கவில்லை.

போகும்போது கார்னெல் என்னிடம் வந்தான். "தனியா நடக்கப் பயம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வீடு வரைக்கும் கூட வந்திருப்பேனேடா" என்றான். நான் மன்னிப்புக் கேட்காமலே அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டேன்.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பிவையுங்கள். ஞாயிறு நான் கூப்பிட்டால் போனை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாமல் கொஞ்ச நேரம் பேசுங்கள், அப்பா. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகன்,
வெர்னன்